நாலாம் பிறைக்குத் திட்டு

எங்கள் ஊர்ப் பூங்காவில் வானம் காட்டப் போகிறார்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனபோது நான் வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். வானத்தை ஒருத்தர் வந்து காட்ட வேண்டுமா, அது எங்கே போய்விட்டது என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு யோசித்துப் பார்த்தால், நாங்கள் வானத்தைப் பார்த்து நாளாகித்தான் போயிருந்தது. அரியலூரில் சிமென்ட் லாரி போகாத நேரம் குறைவு. எங்கள் தெருத் துளசிச் செடியெல்லாம் விபூதி பூசிய சாமியார் போலத்தான் நிற்கும். ராத்திரியில் மேலே ஏதாவது மினுக்கினால் அது நட்சத்திரமா, லாரி வெளிச்சத்தில் பறக்கிற தூசியா என்று அடித்துச் சொல்ல ஆள் கிடையாது.

ஏற்பாடு செய்தது எங்கள் தெருக் கோடியில் குடியிருக்கும் அறிவியல் டீச்சர். பெரம்பலூர்ப் பெண். அங்கிருந்து பெரிய தொலைநோக்கி ஒன்றை வேனில் வரவழைத்திருந்தாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்றாம் பிறையைக் கிட்டத்தில் பார்க்கலாம், பெண்கள் குழந்தைகளோடு திரளாக வாருங்கள்" என்று மைக்கில் சொன்னது அவள் குரல்தான். கெட்டிக்காரி. நட்சத்திரம் என்று சொல்லியிருந்தால் நாலு பேர் போயிருப்பார்கள். மூன்றாம் பிறை என்றதும் தெருவே கிளம்பிவிட்டது. மூன்றாம் பிறையைப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் அவ்வளவு நல்லது. பார்த்த கையோடு பொன்னையோ சிரித்த முகத்தையோ பார்த்துவிட்டால் அந்த மாசம் முழுக்க வீட்டில் குறை இருக்காது என்பார்கள். நான் எத்தனையோ மூன்றாம் பிறை பார்த்தவள். குறையெல்லாம் எங்கும் போகவில்லை. இருந்தாலும் பார்ப்பேன்.

இந்த இடத்தில் என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. எனக்கு அடுத்த வீடு. நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். அண்ணன் தம்பி இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சுவரும் மிஞ்சினோம். ஐந்தாறு வருஷமாக எங்களுக்குள் பேச்சு கிடையாது.

காரணம் சாம்பார். அவள் பேரனுக்குக் காதுகுத்து. சம்பந்தி வீட்டார் மீன்சுருட்டியிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். சாம்பாருக்கு உப்பு போட்டது நான். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் இருந்த சம்பந்தியம்மாளிடம் இவள் குனிந்து, "உப்பு கூடத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க. அக்காவுக்கு நாக்கு செத்து ரொம்ப நாளாச்சு" என்றாள். மெதுவாகச் சொல்வது போலச் சொன்னாள். எதிர் வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

பாயசம் வருவதற்கு முன்பே நான் இலையை மடித்தேன். நல்ல காரியத்தில் சாப்பிட்ட இலையை நம் பக்கமாக மடிப்போம். சாவு வீட்டில்தான் அந்தப் பக்கமாக மடிப்பது. நான் அந்தப் பக்கமாக மடித்தேன். பந்தி முழுக்கப் பார்த்தது. இன்றைக்குக் கேட்டாலும், அந்த மடிப்பு ஓரம் பிசகாமல் அழகாக இருந்தது என்றுதான் சொல்வேன்.

பேச்சு இல்லை என்றால் சத்தம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அவள் தன் ஆட்டிடம் பேசுவாள். நான் வாசல் குழாயிடம் பேசுவேன். "சில பேரு வாசல் தெளிக்கிறேன்னு ஊரையே சேறாக்குறாங்க, நீ பாத்துக் கால வெச்சு நட" என்பாள் ஆட்டிடம். "சில வூட்டு ஆடு அடுத்த வூட்டுச் செடிய மேயறதெல்லாம் வளத்தவ புத்திதான்" என்று நான் குழாயிடம் சொல்வேன். எங்கள் குடும்பக் கதை அந்த ஆட்டுக்கும் குழாய்க்கும் தெரிந்த அளவுக்கு எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது.

இந்த ஏற்பாடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அவள் ஆட்டை விற்றுவிட்டாள். அவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டதாம். ஓசூரில் இருக்கும் மகன் வருகிற புதன்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறானாம். வீட்டைப் பூட்டிவிடப் போகிறார்களாம். எல்லாம் பூக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆடு போன பிறகு என்னிடம் எதையும் சொல்ல அவளுக்கு வழியும் இல்லை.

போகிறவள் 'அக்கா' என்று ஒரு வார்த்தை கூப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று நான் காத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் சின்னவள்தான் முதலில் பேச வேண்டும். நான் முதலில் பேசுகிற பேச்சே கிடையாது. கூப்பிடாமலே அவள் வண்டி ஏறிவிட்டால் என்ன செய்வது என்று குழாயிடம் கேட்டேன். குழாயில் அன்றைக்குத் தண்ணீரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லோரும் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, பார்ப்பதற்குப் பொன் வேண்டுமே என்று சங்கிலியை வெளியே எடுத்து விட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போனோம். வானம் பூராவும் மேகம். டீச்சர் தொலைநோக்கியைத் துணி போட்டு மூடிவிட்டு, "நாளைக்கு வாங்க, நாளைக்கும் நிலா இருக்கும்" என்றாள். நாங்களும் தலையை ஆட்டிவிட்டு வந்தோம். நிலா இருக்கும், சரி. எந்த நிலா என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை வானம் கழுவி விட்டது போல இருந்தது. பூங்காவின் உயரமான விளக்கை அணைக்கச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பூங்காவில் இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, கழுத்தில் விரிசல் விட்ட ஒரு சிமென்ட் டைனோசர், அதன் வயிற்றுக்கு அடியில் ஒரு பெஞ்சு. நடுவில் மூன்று காலில் தொலைநோக்கி, கோயில் வேட்டுக் குழாய் மாதிரி. ரேஷன் கடைப் பழக்கத்தில் பெண்கள் ஆளுக்கொரு பையை வரிசையில் போட்டு இடம் பிடித்துவிட்டு, காற்று வாங்கப் போயிருந்தார்கள். டீச்சர் அந்தப் பைகளைப் பார்த்து, "வாங்க, முதல்ல யாரு?" என்றாள். பைகள் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லோரும் ஓடி வந்து அவரவர் பைக்குப் பின்னால் நின்றபோதுதான் பூக்காரி விரலை மடக்கி எண்ணினாள்.

"டீச்சர், நேத்து மூணாம் பிறைன்னா இன்னிக்கி நாலாம் பிறைல்ல?"

அவ்வளவுதான். மேற்கே பார்த்து நின்ற வரிசை மொத்தமும் கிழக்கே திரும்பிவிட்டது. முந்தானை இருந்தவர்கள் முகத்தில் போட்டுக்கொண்டார்கள். நாலாம் பிறையைப் பார்த்தவர் தலையில் செய்யாத குற்றம் வந்து விழும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆனால் பிடித்த இடத்தை விட்டுப் போகவும் யாருக்கும் மனசில்லை. அதனால் நிலாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

"அது வெறும் பாறைங்க. பாறையைப் பார்த்தா பழி வருமா?" என்றாள் டீச்சர்.

"பாறைதான் டீச்சர். தலையில வுழுந்தா வலிக்காதா?" என்றாள் பூக்காரி.

வரிசையில் பென்ஷன்காரர் ஒருவர் நின்றார். சாமி கிடையாது, பேய் கிடையாது என்று டீக்கடையில் தினமும் பேசுகிறவர். அவரும் கிழக்கே பார்த்துத்தான் நின்றார். "எனக்கு நம்பிக்கையெல்லாம் கெடையாது டீச்சர். கழுத்து வலி. இந்தப் பக்கம் திரும்புனா கொஞ்சம் தேவலாம்போல இருக்கு" என்றார்.

டீச்சருக்கு முகம் சின்னதாகிவிட்டது. பெரம்பலூரிலிருந்து வேனில் வந்த தொலைநோக்கி தனியாக நின்றது. அது பாவமாக இருந்தது என்பதற்காக நான் அதனிடம் போகவில்லை. ஒரு தெருவே முதுகைக் காட்டி நிற்கும்போது முகத்தைக் காட்டி நிற்பது ஒரு சுகம், அதற்காகப் போனேன். கண்ணை வைத்துப் பார்த்தேன்.

முதலில் என் இமைதான் தெரிந்தது. டீச்சர் தலையைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்தினாள். பிறகு தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் எங்கள் சுண்ணாம்புக் கல் குவாரி எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வெள்ளை வெளேரென்று, குழி குழியாக, தோண்டிய இடமும் தோண்டாத இடமுமாக.

"ஏம்மா டீச்சரு, சிமென்ட் கம்பெனிக்காரன் அங்கயும் போயிட்டானா?" என்றேன்.

வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கப் போய், நினைவு வந்து மறுபடி கிழக்கே திரும்பிக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்குப் பழைய பரிகாரம் ஒன்று ஞாபகம் வந்தது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தெரியாமல் நாலாம் பிறையைப் பார்த்துவிட்டால், யார் வீட்டு ஓட்டின் மேலாவது பொடிக்கல்லைப் போட்டுவிட்டு நிற்போம். வீட்டுக்காரி வெளியே வந்து திட்டுவாள். வாயைத் திறக்காமல் அதை வாங்கிக்கொண்டு வந்தால், வர வேண்டிய பழி அதோடு கழிந்தது என்று கணக்கு. இப்போது ஓட்டு வீடு எங்கே இருக்கிறது. தளத்தில் கல் போட்டால் கேட்கவும் கேட்காது, கேமராவில் மட்டும் தெரியும்.

"இதுக்கா பயப்படுறீங்க," என்றேன். "தைரியமாப் பாத்துட்டு நேரா அந்த டைனோசருக்கிட்ட வாங்க. நான் திட்டி அனுப்புறேன். ஒண்ணே ஒண்ணு, எதுத்து ஒரு வார்த்த பேசக் கூடாது. பேசுனா கழியாது."

என் வாயைப் பற்றி எங்கள் தெருவில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. வரிசை யோசித்தது.

"நீங்களும் பாத்துட்டீங்களே பெரியம்மா, உங்கள யாரு திட்டுவா?" என்றாள் பூக்காரி.

"என்னத் திட்ட இந்தத் தெருவுல யாருக்கு வாய் இருக்கு?"

எல்லோரும் ஒரே நேரத்தில் ஊஞ்சல் பக்கம் பார்த்தார்கள். அங்கே ஒரு கல்லில் என் ஓரகத்தி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அவசரமாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

நான் டைனோசருக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். முதல் ஆளாகப் பூக்காரியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மொழம் போடச் சொன்னா கைய மடக்கிப் போடுறவளே. காலையில ஒரு மொழம், சாயங்காலம் ஒரு மொழம், உன் கையி என்ன வெயிலுக்குச் சுருங்குதா? பூவு கட்டுறேன்னு நார வித்துட்டு, மேல ஒரு பூவ ஓசியாத் தரியே, எந்தச் சாமி தலையிலடி நிக்கும் அது" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கழிந்தது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு இரண்டு வரிசை. ஒன்று நிலாவுக்கு, ஒன்று எனக்கு. பொய் சொல்வானேன், என் வரிசைதான் நீளம். பார்த்து முடித்தவர்கள் போகாமல், அடுத்தவர் வாங்குவதைக் கேட்க நின்றார்கள்.

பென்ஷன்காரரும் வந்தார். "நம்பிக்கை இல்ல, சும்மா எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.

"ஆபீசுல காத்தாடிக்கு அடியில உக்காந்து நாளைக்கு வா, நாளைக்கு வான்னே தலைய நரைக்க வெச்ச மனுசன். எமன் வந்து நின்னாலும் நாளைக்கு வான்னுதான சொல்லப் போறீரு. அவனும் ரெண்டு தடவ வந்து பாத்துட்டுச் சலிச்சுப் போயிடுவான், ஆயுசு கெட்டிதான் உமக்கு."

திட்டா வாழ்த்தா என்று தெரியாமல் வாங்கிக்கொண்டு போனார். கடைசியில் டீச்சரே வந்து நின்றாள்.

"எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை இல்லம்மா."

"தெரியும்."

"திங்கக்கிழமை ஸ்கூல்ல இன்ஸ்பெக்ஷன் இருக்கு."

"நாளும் பாக்காம மேகமும் பாக்காம வானம் காட்ட வந்தவளே," என்று ஆரம்பித்தேன். "நெலாவுல இருக்குற குழி தெரியுது, உன் வூட்டுக் கொடியில மூணு நாளாக் காயுற போர்வ உன் கண்ணுக்குத் தெரியல. அதுக்கு ஒரு கண்ணாடி வாங்கி வெச்சிருக்கியா?"

அவள் சிரித்ததால் இன்னொரு தடவை திட்ட வேண்டியதாயிற்று.

நிலா வேப்பமரத்துக்கு மேலே இறங்கிவிட்டது. டீச்சர் தொலைநோக்கியை இன்னும் கொஞ்சம் சாய்த்து வைத்தாள். இனி யாராவது உண்டா என்று அவள் கேட்டபோது, ஊஞ்சல் பக்கத்திலிருந்து என் ஓரகத்தி எழுந்து வந்தாள். முட்டியைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை. அவ்வளவு நேரம் யாரும் பார்க்கவில்லை. பார்த்து முடித்துவிட்டு நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

நின்றவர்கள் எல்லோரும் ஓரடி கிட்டே வந்தார்கள். எங்கள் கதை தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை.

அதுவரைக்கும் தடையில்லாமல் வந்துகொண்டிருந்த என் வாய்க்கு என்ன வந்ததோ தெரியவில்லை. அவள் கால் விரலைப் பார்த்தேன். மெட்டி போட்டிருந்த தடம் இன்னும் இருந்தது. நிமிர்ந்து டைனோசரின் வயிற்றைப் பார்த்தேன்.

"என்ன பெரியம்மா, இவங்களுக்கு மட்டும் சரக்கு இல்லயா?" என்றாள் பூக்காரி.

"இந்த டைனோசருக்குத்தான் சொல்றேன்," என்று ஆரம்பித்தேன். "சில பேரு..."

"டைனோசரத் திட்டுனா எனக்கு எப்படிக் கழியும்?" என்றாள் அவள். "என் மூஞ்சியப் பாத்துத் திட்டுக்கா."

அவள்தான் முதலில் பேசினாள். 'அக்கா' என்றும் சொன்னாள். இதற்குத் தெருவே சாட்சி. பின்னால் யாரும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதியே வைக்கிறேன்.

"ஏண்டி, முட்டி தேஞ்சவளே," என்றேன். அதற்குப் பிறகு நான் வாயைத் தேட வேண்டியிருக்கவில்லை. "சொந்த வூட்டுப் படி ஏறவே செவுத்தப் புடிக்கிறவ, ஓசூருல மூணாவது மாடியில போயி என்னடி பண்ணப் போற? பாக்கெட்டு மாவுல சுட்ட தோசையத் தின்னுட்டு, சன்னல் வழியா அடுத்தவன் லுங்கி காயுறதப் பாத்துக்கிட்டுக் கெடக்கப் போற. அங்க யாரு சாம்பாருல உப்பக் கொற சொல்லுவ? ஆட்ட வித்தியே, ஒரு வார்த்த கேட்டியா? தெனமும் அதுக்குக் கஞ்சித்தண்ணி ஊத்துனது யாருன்னு உனக்குத் தெரியுமாடி?"

"தெரியும்," என்றாள்.

"பேசாத. எதுத்துப் பேசுனா கழியாது."

"எதுத்து எங்க பேசுனேன், தெரியும்னுதான சொன்னேன்."

"அதுவும் பேச்சுதான். போச்சு. மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

மொதல்லேருந்து ஆரம்பித்தேன். இரண்டாவது தடவை இன்னும் நன்றாக வந்தது. அவளுடைய சமையல், அவள் வளர்த்த மகன், என் செம்பருத்தியைத் தின்ற ஆடு என்று எதையும் விடவில்லை. அவள் உதட்டை மடித்துக்கொண்டு நின்றாள்.

"முடிஞ்சிதா?" என்றாள்.

"முடிஞ்சிது."

"அப்ப நவுரு." பெஞ்சில் என்னைத் தள்ளி உட்கார்ந்தாள். முட்டியை ஒரு தடவை நீவி விட்டுக்கொண்டாள். "நீயும் பாத்தல்ல? மொத ஆளாப் பாத்தவ நீதான். உன்ன யாரு திட்டுனா?"

"எனக்கு எதுக்கு," என்றேன்.

"வாயத் தொறக்காதீங்க பெரியம்மா, கழியாது" என்றாள் பூக்காரி. அவள் அன்றைக்குப் பூ விற்ற மாதிரியே தெரியவில்லை, கூடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேவிட்டாள்.

"பச்சப் புள்ள காதுகுத்துல எலைய அந்தப் பக்கம் மடிச்சவளே," என்று என் ஓரகத்தி ஆரம்பித்தாள். சத்தம் போடவில்லை. ஆட்டிடம் பேசுகிற குரலில்தான் பேசினாள். "அன்னைக்கு ராத்திரி பூரா அந்தப் புள்ளைய மடியில போட்டுக்கிட்டு, ஏதாவது ஆயிடுமோன்னு நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன். விடிஞ்சிது, ஒண்ணும் ஆவல. சரி, இப்பப் போயி இவள நாலு கேள்வி கேப்போம்னு வந்தா, நீ கதவச் சாத்திட்டு உள்ள இருந்த. தட்டுனேன். தொறந்தியா? உப்பு கூடன்னா கூடதான். அஞ்சு பேரு தண்ணி கேட்டாங்க. அதுக்குப் புள்ள விசேஷத்துல எலைய அந்தப் பக்கம் மடிப்பியா? உன் வீம்பும் நீயும். அந்தக் கொழாயப் புடிச்சுக்கிட்டே இரு, கடைசிக் காலத்துல அது வந்து உனக்குப் பால் ஊத்தும்."

உப்பு விஷயத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. தண்ணீர் கேட்டது வெயிலால். அன்றைக்கு வெயில் எப்படி என்று மீன்சுருட்டிக்காரர்களையே கேட்கலாம். எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. நாலாம் பிறையில் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று அப்போது சொல்லியிருந்தால் பதில் பேசியிருக்கலாம். சொல்லவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு கேட்டேன். என் வயசில் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நான் இருந்தது கிடையாது.

விளக்கைப் போட்டுவிட்டார்கள். வேனில் தொலைநோக்கியை ஏற்றியாயிற்று. டீச்சர் வந்து, "வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்கிற வரைக்கும் அவள் முடிக்கவில்லை. வரும்போது முட்டி வலி என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாரத்தை முழுசாக என் மேல்தான் போட்டாள். அதையும் சொன்னேன். கழிந்தாயிற்று, இனிப் பேசலாம்.

புதன்கிழமை மகன் காரோடு வந்தான். அவள் போகத்தான் போனாள். இரண்டு திட்டில் முட்டி சரியாகிவிடுமா. சுவருக்கு மேலே சாவியை நீட்டி, "போயிட்டு வரேன்க்கா, செம்பருத்திக்குத் தண்ணி ஊத்து" என்றாள். அது என் செம்பருத்தி.

அதிலிருந்து மாசா மாசம் ஓசூரிலிருந்து போன் வருகிறது. "பாத்துட்டேன்க்கா, நாலாம் பிறை. திட்டு" என்பாள். நான் திட்டுவேன். பிறகு நானும் பார்த்துவிட்டதாகச் சொல்வேன். அவள் திட்டுவாள். மூன்றாவது மாடியிலிருந்து நிலா நன்றாகத் தெரிகிறதாம்.

போன வாரம் ஒரு சாயங்காலம் போன் அடித்தது. "பாத்துட்டேன்க்கா. திட்டு" என்றாள். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். அன்றைக்கு அமாவாசை.

"வாயத் தொறக்காமக் கேளுடி" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.